மாலையில் மூடிக்கொள்ளும் அல்லி

கேள்வி: மாடியில் ஒரு தொட்டியில் வெள்ளை அல்லி வளர்க்கிறேன். மொட்டு நிறைய வருகிறது. ஆனால் வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீடு திரும்பினால் பூ மூடியே கிடக்கிறது. அல்லி இரவில்தானே மலரும்? வெயில் போதவில்லையா, உரம் போட வேண்டுமா?

பதில்: செடிக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது, பத்து மணிக்கு மாடி ஏறிப் பாருங்கள், பூ விரிந்திருக்கும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நீலோற்பலத்தின் (நிம்ஃபியா நௌச்சாலி) வெள்ளை வகை. காலையில் விரிந்து பிற்பகலில் மூடிவிடும். இலங்கையின் தேசிய மலர் இந்த இனம்தான். நிலவில் மலர்வதாகப் புலவர்கள் பாடிய ஆம்பல், அதாவது நீங்கள் கேட்ட அல்லி, நிம்ஃபியா பூபெசென்ஸ். அது சாயங்காலம் விரிந்து மறுநாள் முற்பகல் வரை நிற்கும்.

நிறத்தை நம்பி வாங்கியதில்தான் வினை. பெயரில் நீலம் இருந்தாலும் நீலோற்பலத்தில் வெள்ளையும் உண்டு. நர்சரியில் வெள்ளையாக எது பூத்தாலும் அல்லிதான்!

அடுத்த முறை பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். நீரில் மிதக்கும் முற்றிய இலை ஒன்றைத் திருப்பி, அடிப்புறத்தைக் கட்டைவிரலால் தடவுங்கள். அல்லி என்றால் நனைந்த வெல்வெட் போல மெல்லிய மயிர் தட்டுப்படும். பூபெசென்ஸ் என்ற லத்தீன் பெயருக்கே அதுதான் பொருள். விளிம்பில் ரம்பம் மாதிரி கூரான பற்கள் இருக்கும். நீலோற்பலத்தின் அடிப்புறம் வழவழப்பாக இருக்கும். விளிம்பு நெளிந்தோ மழுங்கிய பற்களோடோ போகும். அடியில் ஊதா படர்ந்திருப்பது இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தளிர் இலையும் ஏமாற்றும்.

பூ கையில் கிடைத்தால் இன்னும் சுலபம். நீலோற்பலத்தில் ஒவ்வொரு மகரந்தக் கேசரத்தின் நுனியிலும் இதழ் நிறத்தில் சின்ன வால் நீண்டிருக்கும். அல்லியில் அந்த வால் கிடையாது.

வளர்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்: அகலமான தொட்டி, களிமண், ஐந்தாறு மணி நேர வெயில், கொசுவுக்கு நாலு கப்பி மீன். ஆனால் இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள்; வேகமாகப் படர்வது மற்றதை மூடிவிடும். பழைய செடியும் இருக்கட்டும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.