கருப்புப் பூஞ்சைக்கு மருந்து மட்டும் போதாதா?

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், சைனஸில் கருப்புப் பூஞ்சை, உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள், மருந்திலேயே குணமாக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் உடல் தாங்கும் என்று டாக்டர்களே சொல்லும்போது தயங்காமல் சம்மதம் கொடுங்கள். நான் மருத்துவர் அல்ல. 2021இல் கொரோனாவுக்குப் பின் என் அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது கூடவே இருந்தவன்.

இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துப்போகிறது. நரம்பில் ஏற்றும் மருந்தும் ரத்தத்தோடுதானே போயாக வேண்டும்? செத்த சதைக்குள் அது எட்டாது. பூஞ்சை அங்கே இருந்துகொண்டே கண்ணுக்கும் மூளைக்கும் பரவும், அதுவும் சில நாட்களில். அதனால்தான் வெட்டி எடுக்கிறார்கள். எண்டோஸ்கோப் (மூக்கு வழியே விடும் கேமராக் குழாய்) வைத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் முறையும் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் மனம் உடைந்துவிடாதீர்கள். இந்த நோயில் அது வழக்கம்தான்.

அதற்காக மருந்து முக்கியமில்லை என்று ஆகாது. ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கொடுப்பார்கள். அதிலேயே கொழுப்பு உறைக்குள் வைத்துத் தயாரிக்கும் லைபோசோமல் வகை கிட்னியை அவ்வளவாகப் பாதிக்காது. கிடைக்குமா என்று கேளுங்கள். எதுவானாலும் ரத்தத்தில் கிரியாட்டினினையும் (கிட்னியின் நிலையைக் காட்டும் அளவு) பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் பொட்டாசியம் இறங்கி, எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் போனது. பிறகு வீட்டில் பொசகொனசோல் மாத்திரை, மாதக்கணக்கில். சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் இவ்வளவு பாடும் வீண். இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

பயாப்சியில் (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) என்ன பூஞ்சை என்று வந்திருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சை என்றால் வோரிகொனசோல் என்ற மருந்து நன்றாக வேலை செய்யும். கருப்புப் பூஞ்சை என்று பொதுவாகச் சொல்லும் மியூகோர் வகைக்கு அது பயன்படாது.

மேல்தாடையில் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்தால், வாய்க்கும் மூக்குக்கும் நடுவே திறப்பு விழும், குடிக்கும் தண்ணீர் மூக்கில் ஏறும். அதை அடைக்க அண்ணத்தில் பொருத்தும் தட்டு செய்து தருவார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே பல் மருத்துவர் அளவெடுத்து வைத்தால் நல்லது.

இன்னொன்று. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்து அவரை நோகடிக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.