கெத்சமனித் தோட்டத்தில் யாரிடம் வேண்டினார்?

அன்புள்ள ஐயா,

மறைக்கல்வி வகுப்பில், தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் மூவொரு கடவுளை விளக்க, தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒன்றே என்ற உதாரணத்தைச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்த என் மகள், "அப்படியானால் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு யாரிடம் வேண்டினார்? தன்னிடமேவா?" என்று கேட்கிறாள். இது மறைபொருள், கேட்கக் கூடாது என்று சொல்லிவிடட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அந்த உதாரணம் எங்கே உடைகிறதோ, மிகச் சரியாக அங்கேயே கேட்டிருக்கிறாள் உங்கள் மகள்.

3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் சபெல்லியுஸ் என்பவர் ஏறக்குறைய இதையே போதித்தார். கடவுள் ஒருவரே, தந்தை, மகன், ஆவி என்பவை அவர் எடுக்கும் தோற்றங்கள் என்றார். திருத்தந்தை கலிஸ்துஸ் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். கேட்பதற்கு எளிய விளக்கம்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு, கெத்சமனியில் தரையில் விழுந்து "அப்பா, தந்தையே" என்று இயேசு மன்றாடியது வெறும் நடிப்பாகிவிடும். என்னால் அதைத் தாங்க முடியாது.

யோர்தான் ஆற்றில் இயேசு திருமுழுக்குப் பெற்றதை நினைத்துப் பாருங்கள். மகன் நனைந்த உடலோடு கரையேறுகிறார். ஆவி புறாவைப் போல் இறங்கி வருகிறார். வானிலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. ஒருவர் மறைந்து இன்னொருவர் வரவில்லை, மூவரும் ஒரே வேளையில் இருக்கிறார்கள்.

அதற்காக மூன்று கடவுள்கள் இல்லை. என் பாட்டி தினமும் இரவில் எங்கள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைவார். விரலில் தேங்காயெண்ணெய் மணக்கும். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின்" என்று மூவரையும் சொல்லிவிட்டு, "பெயராலே" என்று முடிப்பார். மத்தேயு 28:19-இன் கிரேக்க மூலத்திலும் 'பெயர்' ஒருமைதான். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டதும் இந்த ஒருமையைக் காக்கத்தான்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கடவுள் அன்பாய் இருக்கிறார் என்கிறார் யோவான். உலகமே இல்லாதபோது அவர் யாரை அன்பு செய்தார்? தோட்டத்துக்குப் போகும் முன் இயேசுவே அதைச் சொல்லி வேண்டுகிறார்: உலகம் தோன்றும் முன்பே தந்தை தம்மை அன்பு செய்தார் என்று. கெத்சமனியில் நாம் கேட்பது, தொடக்கமே இல்லாத அந்த உறவின் குரலை. மனித உடலில், மனித பயத்தோடு அது ஒலிக்கிறது.

இன்றிரவு யோவான் 17-ஆம் அதிகாரத்தை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். 24-ஆம் வசனத்தில் நிறுத்தி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். அதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.