‘இன்னொரு தடவை எடுக்கணும்’ என்று ஏன் சொல்கிறார்கள்?

கேள்வி: இருமல் விடாததால் அம்மாவுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கப் போனோம். திரையைப் பார்த்த டெக்னீஷியன், “இன்னொரு தடவை எடுக்கணும், மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா” என்றார். என் கண்ணுக்கு முதல் படமே பளிச்சென்றுதான் இருந்தது. எதை வைத்துச் சரியில்லை என்கிறார்கள்? இரண்டு தடவை கதிர் பட்டது ஆபத்தா?

பதில்: பளிச்சென்று இருப்பதை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. மருத்துவர் எதைத் தேடி அனுப்பினாரோ, அதற்கு அந்தப் படத்தில் விடை கிடைக்குமா என்றுதான் பார்ப்போம்.

உங்கள் அம்மா விஷயத்தில் சிக்கல் மூச்சுதான். உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது, பத்தாவது எண்ண முடிய வேண்டும். ஏழெட்டோடு நின்றால் மூச்சு போதவில்லை என்று பொருள். அப்போது நுரையீரலின் அடிப்பகுதியில் ரத்தக் குழாய்கள் நெருங்கி வெளுத்துத் தெரியும். இதயமும் பெருத்துக் காட்டும். இல்லாத நிமோனியாவை இருப்பதாக நினைக்க இதுவே போதும். இருமலுக்கு எடுத்த படத்தில் அதை விட்டுவிட முடியாது.

உடல் திரும்பியிருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். முதுகெலும்பின் நடுவே கண்ணீர்த்துளி போல ஒரு முள் முனை தெரியும். கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் இரண்டு காரை எலும்புகளின் உள்முனைகளும் அதிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். உடல் திரும்பியிருந்தால் ஒரு பக்க நுரையீரல் மற்றதைவிடக் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். நுரையீரலின் உச்சியும் கீழ்மூலைகளும் வெட்டுப்படக் கூடாது. பெயர், இடம் வலம் குறி எல்லாம் சொல்லவே வேண்டாம்.

கதிரின் அளவைக் கண்ணால் கணிப்பதுதான் இப்போது கஷ்டம். ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துவிடும், பார்த்ததுமே தெரியும். டிஜிட்டலில் கம்ப்யூட்டர் வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. கதிர் குறைந்தால் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக வரும். கூடினாலோ படம் இன்னும் அழகாகவே இருக்கும்! அதனால்தான் திரையோரத்தில் வரும் விலகல் எண்ணைப் பார்க்கிறோம்: பூஜ்யம் என்றால் சரியான அளவு, +3 என்றால் இரண்டு மடங்கு, −3 என்றால் பாதி. கூடிப்போனதற்காக, தெளிவாக இருக்கும் படத்தைத் திரும்ப எடுப்பதில்லை. எடுத்தால் இன்னும் கொஞ்சம் கதிர்தானே சேரும்?

குறையுள்ள படங்களையும் நாங்கள் ஏற்பது உண்டு. தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு மூச்சுக்குழாய் டியூபின் நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்க எடுத்த படம் சற்றுத் திரும்பியிருந்தால் என்ன? நுனி தெரிந்தால் போதும். தோள்பட்டை எலும்பின் விளிம்பு நுரையீரல் ஓரத்தில் லேசாக விழுந்ததற்கெல்லாம் யாரும் மறுபடி எடுக்க மாட்டார்கள்.

கதிரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிரை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேருகிறது. ஆக, இரண்டு படமும் சேர்ந்து ஒரு வாரக் கணக்குக்குள்தான்.

அடுத்த முறை சங்கிலியைக் கழற்றிவிட்டு, சடையைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தோளில் கிடக்கும் பின்னல் நுரையீரல் உச்சியில் கறை போல விழும். மூச்சைப் பிடிக்க முடியாவிட்டால், எடுப்பதற்கு முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். ஓரிரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு எடுப்பார்.