வேலை மாறி சென்னை வருகிறோம், குடும்பத்தோடு எங்கே தங்கலாம்? – கேள்வி பதில்

தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல வருஷம் சேர்க்கைப் பிரிவில் இருந்தேன். மாற்றலாகி வரும் குடும்பங்கள் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு பள்ளியில் இடம் கேட்டு வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதற்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கினேன். தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் ஜிஎஸ்டி சாலை, தாம்பரம்–வேளச்சேரி சாலை, ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை, இந்த மூன்று பக்கங்களைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, திருச்சியிலிருந்து வருகிறோம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை, எனக்குக் கிண்டியில். மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் சொல்லுங்கள்.

பதில்: வரைபடத்தில் நடுவைத் தேடினால் குன்றத்தூர் பக்கம் போய் நிற்பீர்கள். அங்கே ரயில் இல்லை. இரண்டு பேரும் தினமும் சாலை நெரிசலில் மாட்டுவீர்கள். தூரத்தை விடுங்கள், யார் எதில் போகப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கம்பெனி பஸ் விடுகின்றன. கணவர் சேரும் இடத்தில் பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று மனிதவளப் பிரிவில் இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாக வாலாஜாபாத் சாலையைப் பிடித்துப் போகும் பஸ்கள் நிறைய உண்டு. உங்களுக்கு மின்சார ரயில். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அரை மணி நேரம்தான். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் ஏறினால் உட்கார்ந்து போகலாம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டிகள் காலையில் அங்கே வரும்போதே நிரம்பியிருக்கும்.

ஆக, தாம்பரமும் பெருங்களத்தூரும்தான் உங்களுக்கு. ஆனால் வீட்டை முதலில் பார்க்காதீர்கள். முதலில் பள்ளி, அப்புறம் ரயில் நிலையம், கடைசியில் வீடு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால் யார் போவீர்கள்? அநேகமாக நீங்கள்தான். கிண்டியிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, பத்து நிமிஷ ஆட்டோவில் பள்ளிக்குப் போய்விட வேண்டும். நல்ல பள்ளி என்று பெயர் கேட்டு, ஏழு வயதுப் பிள்ளையைத் தினமும் ஒரு மணி நேரம் வேனில் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் மாலையில் களைத்து வந்து வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பாடமும் விளையாட்டும் இரண்டுமே போய்விடும்.

கேள்வி: சென்னையில் குடும்பத்துக்கு நல்ல ஏரியா எது?

பதில்: வேலை எங்கே, பிள்ளைகள் எந்த வகுப்பு, இரண்டையும் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து சிறுசேரிக்கு மாற்றல். ஓஎம்ஆரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று பிடித்திருக்கிறது. தண்ணீர் எப்படி?

பதில்: சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை நேராகவே சொல்லிவிட வேண்டும். அந்தச் சாலையில் பல குடியிருப்புகள் இன்னும் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, ஆனால் அந்தக் குழாய் எல்லா வாசலுக்கும் வந்துவிடவில்லை. 2019 கோடையில் லாரி கிடைக்காமல் சில அலுவலகங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது நினைவிருக்கும். வீட்டைக் காட்டுபவரிடம் ஏப்ரல், மே மாதப் பராமரிப்புக் கட்டண ரசீதைக் கேளுங்கள். மற்ற மாதங்களைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே தண்ணீர் நிலவரம் தெரிந்துவிடும். நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். நீங்கள் சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) எங்கே, போர்வெல் எத்தனை அடி என்று கேளுங்கள்.

கேள்வி: முடிச்சூரில் தனி வீடு கிடைக்கிறது. தாம்பரத்தைவிட வாடகை குறைவு, பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது. போகலாமா?

பதில்: மழையில் போய்ப் பார்த்தீர்களா? அடையாற்றின் மேல்பகுதியை ஒட்டிய இடம் அது. 2015-இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, படகு விட்டு ஆட்களை ஏற்றினார்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒரு நாளாவது நல்ல மழையில் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் முடிச்சூர்க்காரன் மேடம். 2015-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்திவிட்டார்கள். ஒரு மழையை வைத்து ஊரையே ஒதுக்குவது நியாயமா?

பதில்: அகலப்படுத்தியது உண்மை. அதனால் பலன் இருந்ததும் உண்மை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பக்கம் மறுபடியும் தண்ணீர் நின்றது. ஊரை ஒதுக்கச் சொல்லவில்லை ஐயா. அதே ஊரில் மேட்டுத் தெருவில் நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அங்கேயே இருப்பவர், எந்தத் தெருவில் தண்ணீர் வரும் என்று உங்களுக்குத் தெரியும். திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மார்ச் மாத வெயிலில் வந்து வீடு பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? தரகர் சொல்ல மாட்டார்.

கேள்வி: பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். மிக்ஜாமில் என் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மாடியில் வீடு எடுத்தால் போதாதா? எதற்கு இவ்வளவு பயமுறுத்தல்?

பதில்: வீட்டுக்குள் வரவில்லை, சரி. கரண்ட் எத்தனை நாள் இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். கீழே தண்ணீர் நின்றால் மின்வாரியம் பாதுகாப்புக்காக இணைப்பை நிறுத்திவிடும். கரண்ட் இல்லை என்றால் மோட்டார் ஓடாது, லிஃப்ட் ஓடாது. ஜெனரேட்டரைப் பெரும்பாலும் தரைமட்டத்தில்தான் வைத்திருப்பார்கள், முதலில் மூழ்குவதே அதுதான். சாக்கடை கலந்த வெள்ளம் சம்ப்புக்குள் இறங்கினால், தண்ணீர் வடிந்த பிறகும் கழுவி, குளோரின் போட்டு முடிக்கும்வரை குழாயைத் திறக்க முடியாது. கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சவும், சர்க்கரை நோயுள்ள அம்மாவின் இன்சுலினைக் குளிராக வைக்கவும் மூன்றாவது மாடி எப்படி உதவும்? தனியாளாக இருந்தால் சமாளிக்கலாம். இங்கே கேட்பவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருகிறவர்கள்.

தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கிக்கொண்டே வந்து, மிச்சம் இருப்பதற்கு 2022-இல்தான் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. நிலம் சுருங்கினாலும் தண்ணீர் வந்த வழியில்தான் வரும்.

கேள்வி: அப்படியென்றால் மேடவாக்கம் எப்படி? வெள்ளம் வருமா?

கேள்வி: சிட்லபாக்கம்?

கேள்வி: பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்?

பதில்: மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. சிட்லபாக்கத்தில் ஏரியின் உபரி நீர் போகும் பக்கத்தில் முழங்கால் அளவு நிற்கும், வேறொரு தெருவில் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தெருவைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் கறைக்கோடு இருக்கிறதா? சாலை மட்டம் வீட்டு வாசலைவிட உயரமா? பக்கத்தில் யாராவது ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கியிருக்கிறார்களா? தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் பால் கடையிலும் கேளுங்கள், தேதியோடு சொல்வார்கள்.

கேள்வி: வீட்டு உரிமையாளர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாம். இது சரியா?

பதில்: 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதும் அதில் இருக்கட்டும். கரண்டுக்கு உங்கள் வீட்டுக்கெனத் தனி மீட்டர் இருந்தால் மின்வாரிய ரசீதுப்படி நீங்களே கட்டுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். யூனிட் கணக்கில் அவரிடம் கட்டினால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது.

கேள்வி: சிறுசேரிக்கு மெட்ரோ வரப் போகிறது. இப்போதே ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாமா?

பதில்: முதல் ஒரு வருஷம் வாடகை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அங்கே இருந்து பார்த்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: மேலே உள்ள பதில்தான். முதல் வருஷம் வாடகை.

கேள்வி: ஆவடியில் வேலை. எங்கே தங்கலாம்?

பதில்: அந்த ரயில் பாதையே வேறு. அம்பத்தூர், திருமுல்லைவாயில் பக்கம் குடியிருக்கும் உங்கள் அலுவலக ஆட்களைக் கேளுங்கள்.

கேள்வி: பெங்களூரிலிருந்து வருகிறோம். மகன் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறான், மகள் மூன்றாம் வகுப்பு. மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கணவர் ஜூலையில் வேலையில் சேர வேண்டும்.

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். பத்தாம் வகுப்புக்குப் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும். பெற்றோரின் வேலை மாற்றல் அதற்கு ஏற்கத்தக்க காரணம்தான், ஆனால் மாற்றல் கடிதம், குடியிருப்புச் சான்று, பழைய பள்ளியின் டிசி (மாற்றுச் சான்றிதழ்) எல்லாம் கையில் இருக்க வேண்டும், பள்ளியும் இடம் தரச் சம்மதிக்க வேண்டும். ஜூலையில் வந்து தொடங்கினால் பையன் தவித்துப் போவான். இரண்டு வழிதான். இப்போதே ஒரு பள்ளியில் பேசி எழுத்தில் உறுதி வாங்குங்கள். இல்லையென்றால் கணவர் மட்டும் முதலில் வரட்டும், பையன் பத்தாம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டுப் பதினொன்றில் இங்கே சேரட்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது. ஒரு வருஷப் பிரிவு கஷ்டம்தான், ஆனால் பொதுத்தேர்வு வருஷத்தில் ஊர், வீடு, பள்ளி மூன்றையும் மாற்றுவது அதைவிடக் கஷ்டம்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் இருப்பதால் தமிழ்ப் பாடம் உண்டு, ஆனால் பேச வருகிற பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தனியாக எழுத்துச் சொல்லித் தருவீர்களா என்று பள்ளியில் கேளுங்கள். தயங்காமல் ஆமாம் என்று சொல்லும் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தேடுங்கள்.