எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்கலாம்: சட்டத்தரணி அக்கா பதில்கள்

போன இதழில் டிஜிட்டல் அடையாள அட்டை பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இந்த முறை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. காணி, சீதனம், பிள்ளைச் செலவு வழக்குகள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். களவெடுக்கவில்லை, ஒருவரையும் ஏமாற்றவில்லை. கைரேகை, கண், முகம் எல்லாவற்றையும் அரசாங்கம் பதிந்துகொள்ளட்டுமே. மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? என் மகள்தான் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் வாதாடுகிறாள். (வாசகர், உவர்மலை)

சேர், நான் பாதிக்கு மேல் உங்கள் மகள் பக்கம்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப் போனவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அந்த இடாப்பில் பெயர் இருந்தவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? வாக்குப் போடுவதற்காகத் தங்கள் பெயரையும் விலாசத்தையும் ஒழுங்காகப் பதிந்திருந்தார்கள், அவ்வளவுதான். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலக் கட்டளை போட்டது. அந்த மனிதர்களின் மடியிலும் கனம் இருக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு, வைத்தியத்துக்கு, படிப்புக்கு என்று வந்து தங்கியிருந்தவர்கள்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்துத் தேடிய காலத்தில், வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பதிந்த படிவத்தை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். தங்கச்சி ரியூஷன் முடிந்து வரப் பிந்தினால், "பெயர் இருக்கு, ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். மூதூரிலிருந்து மாமா வந்து இரவு தங்கினால், "ஆள் இருக்கு, பெயர் எங்கே?" என்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். அந்தப் படிவத்தில் பொய் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதை வைத்து எங்களைக் கேள்வி கேட்கும் அதிகாரம் வேறொருவரிடம் இருந்தது. அவரைத் திருப்பிக் கேள்வி கேட்க எங்களுக்கு வழி இருக்கவில்லை.

ஒரு காரியத்துக்கென்று கொடுத்த விவரம் இன்னொரு காரியத்துக்குப் போவதுதான் என் கவலை. இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் அடையாள அட்டையையே பாருங்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2016இல் வந்த 12 இலக்க முறையிலும் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் அப்படியே தெரியும். ரீலோட் கடையிலும் கூரியர் காரியாலயத்திலும் அந்த இலக்கத்தைச் சொல்லும்போது வயதையும் சேர்த்துச் சொல்கிறோம். புதிய அட்டையில் இதற்கு மேல் கைரேகை, கருவிழி, முகம் வருகின்றன. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். கருவிழியை எங்கே போய் மாற்றுவது?

அதற்காக அட்டையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வெருகலிலும் புல்மோட்டையிலும் இருந்து ஒரு கடிதத்துக்காக கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு வந்து, நாள் முழுக்க வெயிலில் நின்று, "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்படும் சனத்தை எனக்குத் தெரியும். அவர்களுடைய அலைச்சல் குறையுமென்றால் நல்லதுதான். ஆனால் எந்தத் திணைக்களம் எதைப் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம், யார் பார்த்தார்கள் என்பதை நான் அறிய முடியுமா, தவறு நடந்தால் யாரிடம் போவது: இவை சட்டத்தில் எழுதப்பட்டு நடைமுறைக்கு வந்த பிறகுதான் கண்ணைக் காட்ட வேண்டும்.

இந்த டிஜிட்டல் அட்டைத் திட்டத்துக்கு உதவி செய்வது இந்தியா. அங்கே ஆதார் அட்டையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த வருடம் வந்த தீர்ப்பு ஆதாரை ஒழிக்கவில்லை. நலத்திட்டங்களுக்கும் வருமான வரிக்கும் அனுமதித்தது. வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயப்படுத்துவதைத் தடுத்தது. அட்டை இருக்கட்டும், அது நுழையக் கூடாத இடங்களும் இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம்.

எங்கள் 1978 அரசியலமைப்பில் தனியுரிமை என்று தனியாக ஓர் உரிமை இல்லை. தகவல் அறியும் உரிமையைத் தரும் 14அ உறுப்புரையில் அந்தச் சொல் வருகிறது, அதுவும் தகவலை மறுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக. 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க வந்தது. என்ன நோக்கத்துக்காக எடுத்தீர்களோ அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று அது சொல்கிறது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்த நேரத்தில் தள்ளிப்போடப்பட்டன. விவரம் சேர்க்கும் வேலை வேகமாகப் போகிறது, காக்கும் சட்டம் பின்னால் மெல்ல நடந்து வருகிறது. மகள் கோபப்படுவதில் என்ன பிழை, சேர்?

கேள்வி: பேஸ்புக்கில் எதை எழுதினாலும் உம்மா "அழித்துவிடு மகன்" என்று அழுகிறார். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் என்னைப் பிடிக்க முடியுமா? (எம்.எஃப்., கிண்ணியா)

தம்பி, உம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவரோடு சண்டை போடாதீர்கள்.

இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் அந்தச் சட்டம் 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, எது பொய்யான கூற்று என்று தீர்மானித்து, 24 மணித்தியாலத்துக்குள் அகற்றச் சொல்லலாம். உண்மை எது, பொய் எது என்ற தீர்மானத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேரிடம் கொடுப்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். அரசியலமைப்புப் பேரவையின் சம்மதத்தோடு நியமித்தாலும் என் எண்ணம் அதுதான். பெண்களின் படங்களை வைத்து மிரட்டுகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. அப்படியான வழக்குகளோடு அழுதுகொண்டு என்னிடம் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீரைக் காட்டி, அமைச்சரை விமர்சிப்பவரின் வாயையும் சேர்த்து மூடுவதைத்தான் ஏற்க முடியாது.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே பேஸ்புக் பதிவுக்கு ஆட்களை உள்ளே போட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசீக் என்ற ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், இனவாதத்துக்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் கருத்துப் போராட்டம் செய்ய வேண்டும் என்று எழுதினார். 'கருத்தியல் ஜிஹாத்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். கொரோனா ஊரடங்குக் காலத்தில் கைதாகி, ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைது அவருடைய அடிப்படை உரிமைகளை மீறியது என்று தீர்ப்பளித்து, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. நியாயம் கிடைத்தது. ஆனால் மூன்றரை வருடம் பிந்திக் கிடைத்தது. ஆணைக்குழுக்களையும் சட்டங்களையும் எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது: உங்கள் கருத்தை எழுதுங்கள், உறுதிப்படுத்தாத செய்தியைப் பகிராதீர்கள். ஏதாவது நடந்தால் நாளைக் கடத்தாதீர்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கொழும்புக்குப் போக வசதி இல்லையென்றால், அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுங்கள். திருகோணமலையிலேயே அதன் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது, அவசரத்துக்கு 1996. அவர்கள் விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இந்த ஒரு விவரம் தெரியாமல் வழக்கை இழந்தவர்கள் அதிகம்.

கேள்வி: எங்கள் பெண்கள் சங்கத்துக்கு சிவில் உடுப்பில் ஒருவர் வந்து, அங்கத்தவர்களின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டார். வாட்ஸ்அப் குரூப்பையும் காட்டச் சொன்னார். தலைவி பயத்தில் காட்டிவிட்டார். இனி வந்தால் என்ன செய்வது? (பெயர் வேண்டாம், மூதூர்)

முதலில் தலைவியை ஒருவரும் குறை சொல்லாதீர்கள். வாசலில் நின்று கேட்டால் எல்லோருக்கும் நடுங்கும்.

இனி வந்தால் மரியாதையாக உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். பெயர், பதவி, எந்தக் காரியாலயம் என்று கேட்டு, அவர் கண் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். "எந்தச் சட்டத்தின் கீழ், எதற்காகக் கேட்கிறீர்கள்? எழுத்தில் தாருங்கள், நிர்வாகக் குழு கூடிப் பதில் தருகிறோம்" என்று சொல்லுங்கள். குரல் உயர்த்த வேண்டாம், தனியாகவும் பேச வேண்டாம், இரண்டு பேராவது பக்கத்தில் இருங்கள்.

2007இன் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் விசாரணை நடக்கும்போதுகூட, தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளரின் விவரம் எடுக்கப் பொதுவாக நீதவானின் ஆணை வேண்டும். அவசரம் என்று சில விதிவிலக்குகள் உண்டு. ஒரு பெரிய நிறுவனத்திடம் கேட்கவே நீதவானிடம் போக வேண்டுமென்றால், உங்கள் சங்கத்து விதவைப் பெண்களின் வங்கிக் கணக்கை வாசலில் நின்று வாய்மொழியாகக் கேட்பது எந்த முறை? எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் சங்கம் சேமிப்புப் பணத்தில் கோழி வளர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்களின் பெயர்கள் யாருடைய கொப்பியிலும் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

கைதோ தேடுதலோ என்று வந்தால் நிலைமை வேறு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரைச் சொன்னால் எதிர்த்து நிற்காதீர்கள், உடனே சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் அது.

கேள்வி: வாட்ஸ்அப்பை அரசாங்கம் வாசிக்குமா? (ஏ.எல். மாணவி, பாலையூற்று)

அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையில், 2016இலிருந்து அது பூட்டப்பட்டுத்தான் போகிறது. நிறுவனத்தாலேயே வாசிக்க முடியாது. ஆனால் யாரோடு, எப்போது பேசினீர்கள் என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியும். கூகுள் டிரைவில் சேமிக்கும் பிரதிக்கும் நீங்கள்தான் செட்டிங்கில் போய்ப் பூட்டுப் போட வேண்டும். இருபடிச் சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள். மற்றபடி, திறந்த போன் கையில் கிடைத்தால் எந்தப் பூட்டும் உதவாது மகள். மூதூர்க் கடிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: எல்லோர் கையிலும் கமரா இருக்கும் காலம் இது. அரசாங்கம் எங்களைப் பார்ப்பது போல நாங்களும் அவர்களைப் பார்க்கிறோம்தானே? (வாசகர், திருகோணமலை நகரம்)

பார்க்கிறோம். பார்ப்பதற்கு இந்த ஊர் என்ன விலை கொடுத்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வயதில் குறைந்தவர்களுக்காக எழுதுகிறேன். 2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்தது என்று சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்த மாதம் 24ஆம் தேதி காலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர்கள் கொலையில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில், சாட்சியம் போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள்.

ஆகவே இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் எங்களைப் பார்த்தால் கோப்பு திறக்கிறது. நாங்கள் அவர்களைப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். குடிமகனுடைய வாழ்க்கை மூடியிருக்கவும் அரசாங்கத்தின் கோப்புகள் திறந்திருக்கவும் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பிரதேச சபையின் தெருவிளக்குச் செலவு தொடங்கி, சந்தியில் பூட்டிய சீசீடிவி யாருடையது என்பது வரை கேட்கலாம்.

கேள்வி: சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை போனில் படம் பிடித்து வைப்பது வழக்கம். அது பிழையா? (நிலாவெளி)

பதிவேட்டுக்குத் தேவையானதை எழுதிக்கொள்ளுங்கள். படம், உங்கள் குடும்பப் படங்களோடு சேர்ந்து போனிலேயே கிடப்பது பிழைதான். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், வேலைக்கு நிற்கும் பெடியன்களின் போனிலும் இருக்க விடாதீர்கள். அரசாங்கத்திடம் நாங்கள் கேட்கும் ஒழுங்கை நாங்களும் காட்ட வேண்டும்.

கேள்வி: என் அடையாள அட்டை இலக்கத்தில் எனக்குத் தெரியாத சிம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். (வாசகி, சாம்பல்தீவு)

#132# அடித்துப் பாருங்கள், உங்கள் பெயரில் உள்ள இலக்கங்கள் தெரியும். உங்களுடையது அல்லாத இலக்கம் இருந்தால் அந்த நிறுவனத்தின் கிளைக்கு நேரே போய், நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பி வராதீர்கள். அப்புறம் பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போட்டு வையுங்கள். இனி எந்தக் கடைக்கும் அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது, அதன் மேலேயே குறுக்காக எதற்காக, எந்தத் திகதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள் தங்கச்சி.