பீட்டா 42 மட்டும் குறைகிறதா? முதலில் குழாயைப் பாருங்கள்

வணக்கம். ஒரே தண்டுவட நீர் மாதிரியை வேறு குழாய்க்கு மாற்றி மறுபடி அளந்தபோது அமிலாய்டு பீட்டா 42 குறைந்தது, டவ் அப்படியே இருந்தது என்கிறீர்கள் (இரண்டும் அல்சைமர் நோய்ச் சோதனையில் அளக்கப்படும் புரதங்கள்). சோதனைக் கிட்டைக் குறை சொல்லுமுன் குழாயைப் பாருங்கள். பீட்டா 42 பிசுபிசுப்பான பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. கண்ணாடி, பாலிஸ்டைரீன் சுவர்களில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீனிலும் ஒட்டும், கொஞ்சம் குறைவாக. டவ் அவ்வளவாக ஒட்டாது. ஒவ்வொரு முறை குழாய் மாற்றும்போதும் கொஞ்சம் போய்விடும். 2 மில்லி குழாயில் 0.3 மில்லி மட்டும் வைத்தால் இன்னும் மோசம்: திரவம் குறைவு, சுவர் அதிகம்.

இனி எடுப்பவற்றை நேரடியாகக் குறை-ஒட்டு பாலிப்ரொப்பிலீன் குழாயில் சேகரியுங்கள். பாதிக்கு மேல் நிரப்புங்கள். ரத்தம் கலந்திருந்தால் மையவிலக்கு இயந்திரத்தில் 2000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றிவிட்டு, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரு பங்கை ஒரு தடவைதான் உருக்க வேண்டும். உருகியதும் வோர்டெக்ஸ் செய்ய (கருவியில் வைத்துச் சுழற்றிக் கலக்க) மறக்காதீர்கள், பலர் தவறுவது இங்கேதான்.

ஏற்கெனவே உள்ள மாதிரிகளைத் தூக்கிப் போட வேண்டாம். அதே வகைப் பெப்டைடான பீட்டா 40-ஐயும் அளந்து 42/40 விகிதம் பாருங்கள். 40-உம் ஒட்டுவதால் இழப்பு பெரும்பாலும் சமமாகிவிடும். விகிதமும் சரிந்திருந்தால், அப்போது கிட் லாட்டை (தயாரிப்புத் தொகுதியை) சந்தேகியுங்கள்.