தாத்தா பெயர் யாருக்கு?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு ஒரு வேலி நஞ்சை. இரண்டு பையன்கள். மூத்தவன் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தான். நாலு வயதில் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது நன்றாக இருக்கிறான் என்றுதான் டாக்டர் சொல்கிறார். இந்தக் குறுவையைத் தானே பார்ப்பதாகக் கேட்டான். சாகுபடி தம்பி பொறுப்பு என்று இவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார் (தாத்தா பெயரைக்கூடச் சின்னவனுக்குத்தான் வைத்தோம்). ‘கட்டாகா’ என்ற இங்கிலீஷ் படத்தைப் பார்த்ததிலிருந்து மூத்தவன் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது வெறும் கற்பனைக் கதை என்று எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவனுக்குப் புரியாதது எதுவும் இல்லை, சகோதரி. அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உங்கள் பக்கம் தாத்தா பெயர் மூத்த பேரனுக்குத்தானே? ஏன் தாண்டிப் போனீர்கள்? பிழைப்பானோ மாட்டானோ என்ற பிள்ளைக்கு அந்தப் பெயர் எதற்கு என்று நினைத்திருக்கிறீர்கள். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

1997இல் வந்த அந்தப் படத்திலும் இதுதான் நடக்கிறது. பிறந்தவுடன் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து, இதய நோய்க்கு 99 சதவீதம் வாய்ப்பு, ஆயுள் 30.2 வருஷம் என்கிறார்கள். ஆன்டன் என்ற தன் பெயரை வைக்க இருந்த அப்பா, வின்சென்ட் என்று மாற்றிவிடுகிறார். மரபணு பார்த்துப் பொறுக்கிப் பெற்ற தம்பிக்குப் போகிறது அந்தப் பெயர். ஆனால் கடலில் மூழ்கப்போன தம்பியைக் கரை சேர்ப்பவன் அண்ணன்தான். உங்கள் மகன் அதில் தன் வீட்டைப் பார்த்திருக்கிறான்.

கற்பனை என்கிறீர்கள். மரபணுவைக் காட்டி வேலையும் மருத்துவக் காப்பீடும் மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2008இல் சட்டமே போட்டது. கம்பெனியைச் சட்டம் தடுக்கும். பெற்றவர்களை யார் தடுப்பது? படத்திலாவது நோய் வரும் என்று மிஷின் சொல்கிறது. இங்கே டாக்டர் நல்லபடியாகச் சொல்லியும் நீங்கள் இருவரும் நம்பவில்லை. பிள்ளைகளில் தேறுகிறவன், தேறாதவன் என்று பிரிப்பது பெரிய பாவம்.

மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் பாதி நிலத்தை மூத்தவனிடம் விடுங்கள். எந்த ரகம், நாற்றங்கால் எங்கே என்பதை அவன் முடிவு செய்யட்டும். உடம்பை நினைத்துப் பயமா? அடுத்த செக்கப்புக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போய், வயலில் இறங்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். கணவர் முரண்டு பிடித்தால் எதிர்த்துப் பேச வேண்டியது நீங்கள்தான்; இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததும் நீங்கள்தான்.

அப்புறம், அந்தப் பெயரை ஏன் அவனுக்கு வைக்கவில்லை என்பதை மகனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியும். இருந்தாலும் நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.